சிறு படகுக்கும் இ-வே பில் போல விலக்கு வேண்டும்

கடலே இல்லாத வேலூரில் மளிகையும் கருவாடும் மொத்த வியாபாரம் செய்யும் நமக்குப் படகுக் கண்காணிப்பைப் பற்றி என்ன பேச்சு என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். ஆம்பூர், வாணியம்பாடிக் கடைகளில் விற்கும் நெத்திலிக் கருவாடு, யாரோ ஒருவர் விடியுமுன் வலை வீசினால்தான் நம்மிடம் வருகிறது. அவருக்கு ஏறும் செலவு கடைசியில் நம் கல்லாவில்தான் வந்து நிற்கும்.

2008-ல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி வந்தார்கள். அதன்பின் 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு அடையாளக் கருவி கட்டாயமாயிற்று. 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர் பலர் கரை திரும்பவில்லை. 30-8-2024 அன்று பிரதமர் தொடங்கி வைத்த திட்டத்தில், ரூ.364 கோடியில் 1 லட்சம் விசைப்படகு, மோட்டார் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் இலவசமாகத் தரப்படுகிறது. உயிர் காக்கும் கருவியை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் இரண்டு பேர் போய் அன்றே திரும்பும் பைபர் படகும், பல நாள் தங்கும் விசைப்படகும் ஒன்றா? தமிழ்நாட்டின் 1983-ம் ஆண்டு மீன்பிடிச் சட்டமே கரையோர 3 கடல் மைலை நாட்டுப்படகுக்கென ஒதுக்கியிருக்கிறது. நமக்கும் தமிழ்நாட்டுக்குள் ரூ.1 லட்சம் வரையுள்ள சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை. அந்த நியாயம் கடலுக்கும் பொருந்தும்.

நம் ஊர் அனுபவம் ஒன்றும் உண்டு. 28-8-1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தோல் தொழிற்சாலைகள் கழிவுநீரைச் சுத்திகரித்தே தீர வேண்டும் என்றது. தனியாக நிலையம் கட்ட வசதியற்ற சிறியவர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தார்கள். பாலாறு இன்னும் தேறவில்லை என்பது உண்மை. ஆனாலும் பாரத்தைப் பங்கிட்டதால்தான் பலர் கதவடைக்காமல் பிழைத்தார்கள்.

ஆகவே அரசுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. கரையோரம் போய் அன்றே திரும்பும் சிறு படகுக்குக் கருவி விருப்பமாக இருக்கட்டும். கருவி பழுதானால் மீன் இறங்குதளத்திலேயே இலவசமாகச் சரிசெய்து தரட்டும். பழுதைக் காரணம் காட்டி அபராதமோ, மானிய டீசலை நிறுத்துவதோ கூடாது.

சிறு வியாபாரியின் கஷ்டம் நமக்குத் தெரியும். சிறு மீனவருக்காகவும் நம் சங்கம் குரல் கொடுக்க வேண்டும்.