ஒழுகும் வண்டி

போடிமெட்டுச் சாலையில் குடும்பத்தோடு மலையேறும் பழைய மாருதி ஆம்னிகளை இன்றும் காணலாம். 1984-இல் அறிமுகமாகி, 2019-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. இன்ஜின் முன்னிருக்கைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் ஆயில் ஒழுகுவது எளிதில் தெரியாது. சூடான குழாயில் பட்டுக் கருகும் வாடைதான் காட்டிக்கொடுக்கும்.

ராசிங்காபுரத்தில் புறப்படும்போது குறைந்ததை ஊற்றி நிரப்பிக்கொண்டால் போதும் என்பதைச் சிக்கனம் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்தால், காலையில் கறை விழுந்த இடம் ஒழுகலின் திசையைச் சொல்லும். வால்வு கவர் பாக்கிங்கோ, ஆயில் சீலோ, இன்ஜினைவிட மலிவானவை.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. 17 கொண்டை ஊசி வளைவுகளில் நாம் சிந்திச் செல்லும் ஆயிலில், மழை நேரத்தில் வழுக்கி விழப்போவது பின்னால் பைக்கில் வரும் யாரோ ஒருவர். அவருக்கு நம் சிக்கனத்தில் பங்கில்லை.