முதலில் ஸ்பிரிங், பிறகு பூஸ்ட்



2025 பெப்ரவரியில் இலங்கையில் கார் இறக்குமதி மறுபடி திறந்ததிலிருந்து உங்கள் கடிதங்களின் பேச்சே மாறிவிட்டது. அதற்கு முந்திய ஐந்து வருடமும் பழைய வண்டியை எப்படி இழுத்துப்பிடித்து ஓட்டுவது என்றுதான் கேட்டீர்கள். இப்போது எல்லாம் டர்போ. டொயோட்டா ரைஸின் 996 சிசி குட்டி எஞ்சினே 98 குதிரைவலு தருகிறதே, இன்னும் கொஞ்சம் பூஸ்ட் ஏற்றலாமா, கையோடு ஸ்பிரிங்கையும் மாற்றலாமா என்று தோப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

ஏற்றலாம் தம்பி. ஆனால் ஸ்பிரிங்தான் முதல் வேலை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருகோணமலைக்குப் போக நீங்கள் கிண்ணியாப் படகுத்துறையில் காத்து நிற்பதில்லை. றோட்டு நன்றாயிருக்கிறது, கால் தானாக அமுங்கும். இருட்டில் மாடு குறுக்கே வந்தால் உங்களைக் காப்பாற்றுவது குதிரைவலு அல்ல. பிரேக்கும் டயரும், அவற்றை நிலத்தோடு சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும்தான்.

கடற்காற்று படும் ஊரில் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றைக் கட்டாயம் பாருங்கள். மணலும் ஈரமும் தங்குவது அங்கேதான். பெயின்ட் உரிந்து துருக்குழி விழுந்திருந்தால், என்றோ ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். வண்டியைப் பதிக்கச் சிலர் கிரைண்டரால் ஒரு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சில்லு தொங்கும் நேரத்தில் வெட்டிய ஸ்பிரிங் தன் தட்டை விட்டு விலகக்கூடும். மற்ற அளவுகள் மாறாமல் கம்பித் தடிப்பு மட்டும் 12 மில்லிமீற்றரிலிருந்து 13 ஆனாலே விறைப்பு ஏறக்குறைய 38 வீதம் கூடும். களைத்துப்போன பழைய ஷொக் அப்சோபர் அதை அடக்காது. ஆகவே ஜோடியாக மாற்றுங்கள், ஷொக்கையும் சேர்த்து. அலைன்மென்ட் பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.

இனி பூஸ்ட். டர்போ காற்றை அமுக்கும். அமுங்கிய காற்று சூடாகும். சூடு மிஞ்சினால், பிளக்கில் பிறந்த சுடர் வந்து சேருமுன்பே சிலிண்டர் ஓரத்துக் கலவை தானாக வெடிக்கும். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ‘நொக்’ என்ற சத்தம் கேட்கும். பிஸ்டன் உடைய அது போதும். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் இதற்காகவே தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தது. வாங்கியவர்கள் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் சுவீடனின் சாப், நொக் சத்தத்தை எஞ்சினே உணர்ந்து பூஸ்டைக் குறைக்கும்படி செய்தது. இன்றைய கார்களிலும் அந்த ஏற்பாடு உண்டு.

பூஸ்ட் ஏற்றினால் நொக் வரும் ஆபத்து இருப்பதால்தான், டர்போவின் அக்சுவேற்றர் கம்பியின் நட்டைத் திருகிப் பூஸ்ட் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எஞ்சினின் கணினியான இசியுவின் மெப்பைத் திருத்துபவரிடம் போங்கள். காற்று–எரிபொருள் விகிதத்தை அளக்கும் மீற்றரைப் புகைக்குழாயில் பூட்டிப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். 95 ஒக்டேனுக்குச் செய்த மெப்பில் 92 அடித்து ஓடக்கூடாது. புது வண்டிகள் விற்கும் விலைக்கு, எனக்கென்றால் உத்தரவாதம் முடியும்வரை அதில் ஸ்பேனர் வைக்கவே கை கூசும்.

ஸ்பிரிங் மாற்றுபவர்கள், மாற்றுமுன்னும் பின்னும் நான்கு சில்லுகளின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து நமக்கு எழுதி அனுப்புங்கள். வண்டியின் மொடலையும் ஆண்டையும் சேர்த்து எழுத மறக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்