நீலவானத்திலும் பனிப்புயல்!

பனிப்புயல் என்றால் வானிலிருந்து பனி கொட்ட வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? அமெரிக்காவின் டகோட்டா சமவெளியில் அது கட்டாயமில்லை. தரையில் கிடக்கும் பனியைக் காற்று வாரித் தூற்றினாலே போதும். மேலே நீலவானம் இருக்கும். எதிரே வரும் லாரி தெரியாது!

காற்று மணிக்கு 56 கி.மீ.க்குக் குறையாமல் வீச வேண்டும். 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியக் கூடாது. இந்த நிலை 3 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். அதுதான் ‘பிளிஸார்ட்’. அதனால் வானிலையாளர்கள் தரையையும் பார்க்கிறார்கள்: கிடக்கும் பனி பொடியாக இருக்கிறதா, இறுகிவிட்டதா?

1888 ஜனவரி 12 காலை அங்கே இதமாகவே விடிந்தது. பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலர் வீடு திரும்பவில்லை. இன்று எச்சரிக்கை முன்கூட்டியே வருகிறது. மீறிக் கிளம்பிச் சிக்கினால், காரைவிட்டு இறங்கக் கூடாது. சில அடி நகர்ந்தாலே கார் கண்ணுக்குத் தெரியாது!