எடைக்கல் இல்லாத மேசையில் அரத்துக்கு என்ன வேலை?

ஏர் பிஸ்டல் பயிலும் ஒருவருக்கு விசை கனமாக இருப்பதாகத் தோன்றியதும், அதை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளும் எண்ணம் எழுகிறது. உடனே வாங்கப்படுபவை திருகவும் தேய்க்கவுமான கருவிகளே: ஆலன் கீ தொகுப்பு, நுண் அரம், உப்புத்தாள். அளக்கும் கருவி பட்டியலின் கடைசியில் நிற்கிறது. பல வேளைகளில் வாங்கப்படுவதே இல்லை. இவ்வரிசை தலைகீழானது.

முதலில் எல்லையை வரையறுக்க வேண்டும். சுடுகலன்களைப் பழுதுபார்க்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில் உரிமம் கோருகிறது. ஆகவே வெடிமருந்துத் துப்பாக்கியின் விசையை வீட்டு மேசையில் பிரிப்பது பேச்சுக்கே இடமற்றது. இங்கு பேசப்படுவது போட்டிக்கான ஏர் பிஸ்டல் மட்டுமே.

10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசைப்பளு 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. சோதனை எளியது. குழல் செங்குத்தாக இருக்க, சமதளத்தில் வைத்த எடைக்கல்லை விசையில் மாட்டித் தூக்குவார்கள். விசை விடுபடாமல் கல் தளத்தைவிட்டு எழ வேண்டும். வாய்ப்புகள் மூன்று. போட்டி முடிந்தபின் நடக்கும் சோதனையில் தவறினால் தகுதி நீக்கம். 60 குண்டுகளில் சேர்த்த புள்ளிகள் அத்தனையும் வீண்.

தேர்ந்த விரலுக்குப் பளு தெரியாதா என்று அனுபவசாலிகள் கேட்பதுண்டு. எடைகளின் வேறுபாடு ஒரு விகிதத்துக்குக் கீழே போனால் மனிதப் புலன் அதை உணர்வதில்லை என்பதை எர்ன்ஸ்ட் வெபர் 19ஆம் நூற்றாண்டிலேயே சோதனைகளால் காட்டினார். 500 கிராமுக்கும் 490 கிராமுக்கும் உள்ள வேறுபாடு விரலுக்கு எட்டாமல் போகலாம். எடைக்கல்லுக்கு அதுவே தேர்ச்சிக்கும் தோல்விக்கும் நடுவிலுள்ள கோடு. சுருள்வில் தராசு எண்ணைக் காட்டும். ஆனால் இழுக்கும் வேகமும் கோணமும் மாறினால் அந்த எண்ணும் மாறும். நடுவர் கையில் இருப்பது எடைக்கல். வீட்டிலும் அதுவே வேண்டும். கொக்கியும் சேர்ந்து 500 கிராம்தானா என்று நகைக்கடைத் தராசில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த இடம் ஆலன் கீக்கு உரியது. எண்ணிக்கையைவிடப் பொருத்தமே முக்கியம். முனை மழுங்கிய மலிவான கீ, திருகின் தலையை உருட்டிவிடும். லட்ச ரூபாயைத் தாண்டும் பிஸ்டலில் அந்தச் சிறு திருகே முடக்கமாகிவிடும். தயாரிப்பாளர் குறிப்பேடு சொல்லும் அளவில் தரமான இரண்டு மூன்று கீ போதும். மூன்றாவது கருவி ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் திருகு, எந்தப் பக்கம், எத்தனை கால் சுற்று என்று எழுதாதவரால் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. குழலில் குண்டு இல்லை என்று உறுதிசெய்யாமல் இவற்றில் எதையும் தொடலாகாது.

அரமும் உப்புத்தாளும் சாணைக்கல்லும் வீட்டுக்குள் வரவே வேண்டாம். திருகைத் திருப்பி வைக்கலாம். தேய்த்த உலோகத்தைத் திருப்பி வைக்க முடியாது. விசையின் பிடியைத் தாங்கும் சியர் என்னும் சிறு உறுப்பு பெரும்பாலும் மேற்பரப்பில் கடினமாக்கப்பட்டது. அந்த மெல்லிய படலம் தேய்ந்தால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு விரைவில் தேயும். இன்று வழுவழுப்பாகத் தோன்றும் விசை, நாளை ஓர் அதிர்விலேயே விடுபடலாம். அப்போது ஆபத்து புள்ளிகளுக்கு மட்டுமன்று, அருகில் நிற்பவருக்கும்தான்.

சிற்றூர் மாணவருக்கு அருகில் தொழில்நுட்பர் இல்லை, அனுப்பிப் பழுதுபார்க்கப் பணமும் இல்லை என்பது நியாயமான மறுப்பு. ஆயினும் அதுவே எடைக்கல்லின் பக்கம் நிற்கும் வாதமாகிறது. மாற்று உறுப்பு வாங்க வசதியற்றவர்தான், திரும்பப்பெற முடியாத பிழையிலிருந்து முதலில் காக்கப்பட வேண்டியவர். பயிற்சிக்கூடங்களும் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகளும் ஒரு சோதனை எடைக்கல்லையும் பொருத்தமான கீக்களையும் பொதுவில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். அதற்கு ஆகும் செலவு, ஒரு பிஸ்டலின் விலையோடு ஒப்பிடத்தக்கதே அன்று.