படை மூடவில்லை, இடம் மாறியிருக்கிறதாம்!

சனிக்கிழமை காலை. ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானம்.

"சாவ்தான்!" என்று ஒரு குரல். அத்தனை பூட்சுகளும் ஒரே சமயத்தில் தரையில் விழுகின்றன. வேலிக்கு வெளியே ஆடு ஓட்டிப் போகிறவர்கூட ஒரு நிமிடம் நின்று பார்க்கிறார். வரிசையில் நிற்கிற பையன்களில் அவர் பேரனும் ஒருவன். காக்கிச் சட்டை. தொப்பியில் சிவப்பு இறகு. வீட்டில் பத்து தடவை கூப்பிட்டாலும் எழுந்திருக்காத பயல், இங்கே ஒரு சொல்லுக்குச் சிலையாக நிற்கிறான்!

இதுதான் தேசிய மாணவர் படை. என்.சி.சி. என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

இப்படி இருந்த மைதானங்களில் சில இன்று சும்மா கிடக்கின்றன. "படை என்ன ஆயிற்று?" என்று கேட்டால், "மூடவில்லை. இந்த ஊருக்கு இருந்த இடங்களை வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்" என்று பதில் வரும்.

காகிதக் கணக்கில் அது சரி. நூறு பிள்ளைகள் குறைந்த இடத்துக்குப் பதிலாக நூறு பிள்ளைகள் கூடின இடம் ஒன்று இருக்கும். கூட்டல் கழித்தல் பொருந்திவிடும். ஆனால் ஆடு ஓட்டுகிறவரின் பேரன் எந்தக் கணக்கில் வருகிறான்? அவன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையே!

எப்படி ஆரம்பித்தது?

நாடு விடுதலை அடைவதற்கு முந்தின ஆண்டு, 1946-ல், மாணவர்களுக்கு ஒரு படை வேண்டுமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு. 1948-ல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 15-ந் தேதி படை பிறந்தது. அப்போது அதில் 20 ஆயிரம் மாணவர்கள். மறு ஆண்டே பெண் பிள்ளைகளுக்கும் தனிப் பிரிவு வந்தது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை. அதற்காக 1950-களின் தொடக்கத்தில் ஏ.சி.சி. என்ற துணை மாணவர் படை வந்தது. உடற்பயிற்சி, அணிநடை, ஊருக்குத் தொண்டு. செலவு குறைவு. வாத்தியாரும் மைதானமும் இருந்தால் போதும். அதனால் சின்ன ஊர்களுக்கும் அது போயிற்று. இன்று எழுபது, எண்பது வயதான தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள். "நான் ஏ.சி.சி.யில் இருந்தேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார்கள்.

அந்த ஏ.சி.சி. எங்கே?

1965-ல் அதையும், ஜெனரல் போன்ஸ்லே தொடங்கிய தேசிய ஒழுங்குத் திட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். தேசிய உடல்திறப் படை என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஒரே வேலைக்குப் பல திட்டங்கள் எதற்கு என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் நடந்தது என்ன? சில ஆண்டுகளில் புதுப் பெயரும் மங்கிப் போயிற்று. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

என்.சி.சி.யும் ஏறி இறங்கியது. 1962-ல் சீனப் போர். அடுத்த ஆண்டே கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கட்டாயம் ஆயிற்று. 1968-ல் கட்டாயம் போய், விருப்பம் உள்ளவர்கள் சேரலாம் என்று ஆயிற்று. இதை நாம் குறை சொல்லமாட்டோம். மனமில்லாமல் நடக்கிற நடையில் என்ன ஒழுங்கு இருக்கும்? 1965, 1971 போர்களில் மாணவர் படைப் பிள்ளைகள் காவல் வேலைக்கும், ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் உதவியாக நின்றார்கள்.

மேலே கூடுகிறது, கீழே?

இப்போது டில்லியில் யாரும் இந்தப் படையைக் குறைக்கச் சொல்லவில்லை. கூட்டத்தான் சொல்கிறார்கள். 2020 ஆகஸ்டு 15-ந் தேதி செங்கோட்டையில் பேசிய பிரதமர், எல்லைப்புறமும் கடலோரமும் உள்ள 173 மாவட்டங்களில் படையை விரிவாக்குவோம் என்றார். புதிதாக ஒரு லட்சம் பேர். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகள். 2024-ல் இன்னும் 3 லட்சம் இடங்களுக்கு ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் ஒப்புதல் கொடுத்தார். மொத்தம் 20 லட்சம் என்று கணக்கு. 20 ஆயிரத்தில் தொடங்கியது 20 லட்சம்!

சந்தோஷம். ஆனால் லட்சக் கணக்குக்குள் சின்னப் பள்ளிக்கூடத்தின் கதை தெரியாது.

பள்ளிக்கூடப் படை எதனால் சாகிறது? துப்பாக்கி இல்லாமலா? இல்லை. பெரும்பாலும் ஒரு வாத்தியார் இல்லாமல்!

படையை நடத்துகிறவர் ராணுவ அதிகாரி அல்ல. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கணக்கோ சரித்திரமோ சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்தான். ஆண்கள் நாகபுரிக்குப் பக்கத்தில் காம்ப்டிக்கும், பெண்கள் குவாலியருக்கும் போய்ப் பல வாரங்கள் பயிற்சி எடுக்க வேண்டும். வீட்டை விட்டு, பிள்ளைகளை விட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் சனிக்கிழமை ஓய்வு கிடையாது. முகாம் என்றால் பத்து நாள் கூடவே தங்க வேண்டும். அதற்குக் கிடைக்கிற தனிப்படி பெரிய தொகை அல்ல. இத்தனைக்கும் மனம் இருக்கிற ஒருவர்தான் வருவார்.

அவர் ஓய்வு பெறுகிறார். அல்லது மாற்றல் உத்தரவு வருகிறது. அடுத்து யார் என்று பார்த்தால் ஆள் இல்லை. பயிற்சி பெறாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். அவருக்கு ஏற்கெனவே இரண்டு வேலை. அணிவகுப்பு வாரம் தவறுகிறது. பிள்ளைகள் குறைகிறார்கள். ஒரு நாள் கடிதம் வருகிறது. இடங்கள் வேறு ஊருக்குப் போகின்றன. படைக்காகக் காத்திருக்கிற பள்ளிக்கூடங்கள் பல உண்டு. ஆகவே திரும்பி வருவது லேசில் நடக்காது.

கடிதம் எழுதிய அதிகாரி மீது நமக்குக் கோபம் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் படையை அவர் எப்படி வைத்திருப்பார்? மாற்றல் உத்தரவு போட்ட கல்வி இலாகா அந்த வாத்தியார் படை வாத்தியார் என்று ஒரு வரி பார்த்திருக்கலாம். அதுதான் நம் குறை.

போவது சட்டை மட்டுமா?

வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. நீச்சல், கராத்தே என்று காசு கட்டி ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுவார்கள். கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு? சீருடைக்கான பணம் படையிலிருந்தே வரும். அணிவகுப்பு முடிந்தால் சிற்றுண்டி உண்டு. (அந்தச் சிற்றுண்டிக்காகவே சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. அதில் வெட்கம் என்ன? வயிறு நிறைந்த பிறகுதானே நடை நிமிரும்!) முகாமுக்குப் போகும்போதுதான் பல பிள்ளைகள் முதல்முதலாக ரயில் ஏறுகிறார்கள்.

பெண் பிள்ளைகளைச் சொல்லவே வேண்டாம். உள்ளூர் மைதானம் என்றால் அம்மா அனுப்புவாள். அடுத்த ஊர் என்றால் அப்பா "வேண்டாம்" என்பார். அதோடு முடிந்தது.

பள்ளியில் இரண்டு ஆண்டு முடித்துத் தேர்வு எழுதினால் 'ஏ' சான்றிதழ். கல்லூரியில் 'பி', 'சி'. 'சி' சான்றிதழும் பட்டமும் உள்ளவர்கள் எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போக வழி இருக்கிறது. அக்னிவீர் வேலைக்கும் கூடுதல் மதிப்பெண் உண்டு. முதல் படி பள்ளிக்கூட மைதானத்தில் இருக்கிறது. அந்தப் படியை எடுத்துவிட்டு, மேலே ஏறி வா என்றால் எப்படி ஏறுவான்?

என்ன செய்யலாம்?

படை உள்ள ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒருவருக்குப் பதில் இரண்டு வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். ஒருவர் போனால் மற்றவர் இருப்பார். மாற்று ஆள் வருவதற்கு முன் படை வாத்தியாரை மாற்றக் கூடாது. புதிய இடங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓய்வு பெற்ற ராணுவத்தாரை எடுக்கப் போவதாக 2024-ல் சர்க்காரே சொல்லியிருக்கிறது. வேலூர்ப் பக்கம் ராணுவத்தில் இருந்து வந்தவர் இல்லாத கிராமம் உண்டா? புதிய இடங்களோடு, சாகக் கிடக்கிற பழைய படைகளுக்கும் அவர்களை அனுப்பட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்: "நம் படை வாத்தியார் எந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்? அவருக்குப் பிறகு யார்?" பெயர் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் அந்தக் கூட்டத்திலேயே ஒருவரைக் கேட்டு, பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் வந்த பிறகு கேட்டால், "இடம் மாறியிருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கும்.