வாக்குப்பெட்டி வந்த வீட்டுக்கு மருத்துவர் வரமாட்டாரா?

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாற்றுத்திறனாளிகளைப் படியேற விடாமல், தாங்களே கீழே இறங்கி வந்து மனு வாங்குகிறீர்கள். மறுநாள் நாளிதழில் படமும் வருகிறது. நல்ல வழக்கம், குறை சொல்ல மாட்டேன். அப்படித் தாங்கள் குனிந்து வாங்கிய மனுக்களில் ஒன்று என் கையெழுத்தில் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை? மனுவுக்கு உரியவர் எதிர்வீட்டுப் பாட்டி. கொண்டுவந்து கொடுத்தது அவருடைய மகள். முழங்கால் வலி தாளாமல் படியில் உட்கார்ந்திருந்தவரை மாற்றுத்திறனாளி என்று நினைத்து வாங்கினீர்களோ என்னவோ.

பாட்டிக்கு இப்போது 87 வயது. சில ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தால் உடம்பு தாங்காது என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கட்டிலோடுதான் வாழ்க்கை. ஒரு காது முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் கத்திச் சொன்னால் விழும். தூக்கி உட்காரவைக்க, துடைத்துவிட, சோறு ஊட்ட அந்த மகள் ஒருத்திதான். அந்த அக்காவுக்கே 66 வயது. ஒரு முதியவரை இன்னொரு முதியவர் தூக்கிக்கொண்டிருக்கும் வீடு அது.

முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பு உதவி 2,000 ரூபாய். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பது அக்காவுக்கும் தெரியும். மிஞ்சும் 800 ரூபாயில் ஒரு மாத டயப்பர்கூட முழுதாக வராது. ஆனாலும் கேட்டார். அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு மருத்துவக் குழுவின் முன்னால் ஆள் நேரில் வர வேண்டும் என்றார்கள்.

பாட்டி நேரில் போனார். ஆட்டோவின் பின்சீட்டில் குறுக்காகக் கிடத்தி, தலையை மகள் மடியில் வைத்துக்கொண்டு. குழு உட்கார்ந்திருந்தது மாடியில். லிப்டில் ‘பழுது’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. ஆட்டோக்காரரும் டீக்கடைப் பையனும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போனார்கள். படிக்குப் படி பாட்டி அலறியது கீழே நின்ற எனக்குக் கேட்டது. மேலே மருத்துவர் நாற்காலியை விட்டு எழவில்லை. காலைத் தொடவில்லை, காதைச் சோதிக்கவில்லை. வயதை மட்டும் கேட்டார். “இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தாம்மா இருக்கும். இது ஊனம் இல்ல, முதுமை. முதியோர் பென்ஷன் வருதுல்ல?” அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

ஐயா, லாரி ஏறிக் கால் போனவரிடம் ‘இது ஊனம் இல்ல, லாரி’ என்று அந்த மருத்துவர் சொல்வாரா? முப்பது வயதில் இதே எலும்பு முறிந்து இதே கட்டிலில் ஒருவர் கிடந்தால் சான்றிதழ் உண்டு. 87 வயது என்றால் அது இயற்கை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை உங்களுக்கு நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அறுபதுக்கு மேல் செல்லாது என்று அதில் ஒரு வரி இருந்தால் காட்டுங்கள், மனு எழுதுவதையே விட்டுவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த நாட்டின் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். கணக்கெடுக்க வந்தவருக்குத் தெரிந்தது மருத்துவக் குழுவுக்குத் தெரியவில்லை.

சக்கர நாற்காலி கதையையும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் முகாமில் அட்டை இல்லை என்று திருப்பியனுப்பினார்கள். முதியோர் முகாமில், “நடக்கவே முடியாதவங்க அந்த முகாமுக்குத்தான் போகணும்” என்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய திட்டமானாலும், முதியோருக்கென்று 2017இல் வந்த வயோஸ்ரீ திட்டமானாலும் சக்கர நாற்காலியைத் தருவது கான்பூரில் இருக்கும் அதே அலிம்கோ நிறுவனம்தான். நாற்காலிக்கு வித்தியாசம் தெரியாது. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் வயதில்தான் எல்லாச் சிக்கலும்.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்துத்தான் வீடு தேடி அரிசி வருகிறது. ரேஷன் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் அதைவிடப் பெரிய அதிசயம் நடந்தது. 85 வயதைக் கடந்தவர்களுக்கும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே வாக்கு. பாட்டியின் வீட்டுக்கும் அலுவலர்கள் வந்தார்கள், காவலர் வந்தார், வீடியோ எடுப்பவரும் வந்தார். கட்டிலைச் சுற்றி அட்டையால் மறைப்பு வைத்து, படுத்தபடியே வாக்களிக்க வைத்து, உறையை ஒட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். பாட்டியால் எழுந்திருக்க முடியாது என்பதில் அன்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மாவட்டத் தேர்தல் அலுவலர் யார்? ஆட்சியர். அன்று அந்த நாற்காலியில் இருந்தது நீங்களோ, உங்களுக்கு முன்னால் இருந்தவரோ, நாற்காலி அதேதான். மருத்துவக் குழுவுக்குச் சாட்சி வேண்டுமென்றால் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்களேன்.

எங்கள் மனுவுக்குப் பதில் வராமல் இல்லை. ‘மனுதாரர் ஏற்கெனவே முதியோர் உதவித்தொகை பெற்று வருவதால் மனு முடித்து வைக்கப்பட்டது.’ பாட்டியின் கால் பற்றி அதில் ஒரு சொல் இல்லை, காது பற்றி இல்லை, அந்த மாடிப்படி பற்றி இல்லை. கேட்டது ஒன்று, மூடியது வேறொன்று. இதற்குக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி, முத்திரை குத்த ஒரு குமாஸ்தா, அனுப்பத் தபால்தலை! இந்தச் செலவில் ஒரு மருத்துவரை ஆட்டோவில் எங்கள் தெருவுக்கு அனுப்பியிருக்கலாம்.

இனி பாட்டியை நாங்கள் தூக்கிக்கொண்டு வரமாட்டோம். எலும்பு மருத்துவர் ஒருவரையும் காது மருத்துவர் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்புங்கள். பாட்டியின் உடம்பைப் பார்த்துவிட்டுப் பிறகு விழுக்காடு எழுதட்டும். சக்கர நாற்காலியையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். அதன் முதுகில் எந்தத் திட்டத்தின் பெயர் என்று நாங்கள் பார்க்க மாட்டோம். வீடியோ எடுப்பவர் தேவையில்லை. இதற்கும் அடுத்த தேர்தல் வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். அப்போது எப்படியும் ஆள் அனுப்புவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
எதிர்வீட்டுக்காரன்