ஜெபித்தவர்மேல் பழி சுமத்தாதிருங்கள்

வார தியானம்
வாசிப்பு: லூக்கா 13:1–5, எபிரெயர் 5:7



ரஞ்சன்குடிக் கோட்டையின் பழைய மதில்களைக் காணும்போதெல்லாம், சீலோவாமில் விழுந்த கோபுரம் என் நினைவுக்கு வரும். அதில் 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்ற எண்ணத்தை நம் ஆண்டவர் மறுத்தார். ஆனால் அவர் மறுத்த அதே எண்ணத்தை இன்று நம்மில் சிலர் பிரசங்க பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

கேட்டது கிடைக்கவில்லையா? உனக்கு விசுவாசம் போதவில்லை. நோய் நீங்கவில்லையா? மறைவான பாவம் உண்டு. கடன் தீரவில்லையா? காணிக்கையில் குறை வைத்தாய். இப்படிப் போதிக்கிறார்கள். இது பொய். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

நம் அயலூரான அரியலூரை நினைத்துப் பாருங்கள். 1956 நவம்பர் 23 அன்று, மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தைச் சேதப்படுத்தியிருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்த விரைவு ரயில் அங்கே கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த இருளில், அந்த நீரில், தேவனை நோக்கிக் கூப்பிடாதவர் யார்? கரையேறியவர் விசுவாசி, மூழ்கியவர் அவிசுவாசி என்று தீர்ப்பெழுத உங்களுக்குத் துணிவுண்டா? அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். பயணிகள்மேல் அவர் பழி போடவில்லை. ஓர் அரசியல் தலைவருக்கு இருந்த அந்த நேர்மை, மேய்ப்பர்களாகிய எங்களிடம் இல்லாமற்போனது எப்படி?

‘எங்களிடம்’ என்று அறிந்தே எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மகனை இழந்த ஒரு தாயிடம், “இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருக்கலாமே, அம்மா” என்று நானும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. பின்பு ஒருபோதும் வரவில்லை. மகனை இழந்தவருக்குத் தேவனுடைய சமுகத்தையும் அடைத்தவன் நானே.

அப்படியானால் தேவன் கேட்கிறதில்லையா? கேட்கிறார். கெத்செமனே தோட்டத்தைப் பாருங்கள். இயேசுவைவிட விசுவாசத்தோடு ஜெபித்தவர் உண்டோ? ஆயினும் அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. எனினும் அவருடைய விண்ணப்பம் கேட்கப்பட்டது என்றே எபிரெயர் நிருபம் சொல்லுகிறது. பிதாவின் பதில் சிலுவைக்கு இப்புறத்தில் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், திறந்த கல்லறையில் வந்தது. பவுல் மூன்று முறை வேண்டியும் முள் நீங்கவில்லை. அதைச் சுமக்கக் கிருபை கிடைத்தது. தானியேலின் விண்ணப்பமோ முதல் நாளிலேயே கேட்கப்பட்டது. பதில் வந்து சேர 21 நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அவன் அறிந்தது மௌனம் மட்டுமே. அந்த மௌனம் மறுப்பு அல்ல.

ஆகவே, பிரியமானவர்களே, கேளுங்கள். அழுதும் கேளுங்கள், முறையிட்டும் கேளுங்கள். மருத்துவரிடம் போங்கள், போகும் வழியிலும் ஜெபியுங்கள், அது அவிசுவாசமல்ல. உங்கள் கண்ணீருக்கு விலை பேசுகிறவனுக்கு ஒரு காசும் கொடாதிருங்கள். பிதாவின் வாசலில் காவற்காரன் இல்லை. துக்கத்தில் இருப்பவரின் வீட்டிற்குச் சென்றால், காரணம் சொல்லாமல் அருகே உட்கார்ந்திருங்கள்.

ஜெபம்: எங்கள் கூப்பிடுதலைக் கேட்கிற பிதாவே, பதில் தாமதிக்கும் நாட்களில் எங்களைத் தாங்கும். துக்கப்பட்டவர்களை எங்கள் வார்த்தைகளால் காயப்படுத்தினோம்; எங்களை மன்னியும். எங்களால் விலகிப்போனவர்களை நீரே தேடிச் சேர்த்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.